தாவரப் பாலிசாக்கரைடுகளின் வேதிமாற்றமும் கட்டி எதிர்ப்புச் செயலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதியியலும் மருந்தியலும் பயிலும் முதுகலை மாணவர்களும், பழத்தோலிலிருந்து தயாரித்து மாற்றியமைக்கப்பட்ட பெக்டின் என்ற பெயரில் விற்கப்படும் பொடியைப் பற்றி விசாரிக்கும் நோயாளிகளின் குடும்பத்தாரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்ல முயன்றிருக்கிறேன். முதல் பகுதி பெரும்பாலும் வேதியியல். பிற்பகுதி சான்றுகளை எடைபோடுவது பற்றியது.

பாலிசாக்கரைடை ஏன் மாற்ற வேண்டும்? இயற்கையில் இருப்பதை அப்படியே பயன்படுத்தக் கூடாதா?

குளுக்கோஸ், கேலக்டோஸ், சைலோஸ், அராபினோஸ் போன்ற எளிய சர்க்கரைகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இணைந்து உருவாகும் நீண்ட சங்கிலிகளே பாலிசாக்கரைடுகள். தாவரம் இவற்றைத் தன் செல்சுவரைக் கட்டவும், உணவைச் சேமிக்கவும், காயம்பட்ட இடத்தை அடைக்கவும் உருவாக்குகிறது. மனிதரின் நோயெதிர்ப்பு செல்களோடு உறவாடுவது அதன் நோக்கமே அன்று. ஆகவே செல்சுவரில் உறுதியாக இருக்கும் ஒரு சங்கிலி நீரில் கரையாமல் போவதிலோ, இரத்தத்தில் செலுத்த முடியாத அளவுக்குப் பெரிதாக இருப்பதிலோ வியப்பில்லை.

வேதிமாற்றம் என்பது பெரும்பாலும் மூன்று பண்புகளை மாற்றுவதுதான்: கரைதிறன், சங்கிலியின் நீளமும் கிளைகளும், மின்னூட்டம். இவை மாறும்போது அந்தச் சங்கிலி எந்தப் புரதத்தோடு பிணையும் என்பதும் மாறுகிறது. கரையாத ஒன்றைக் கரையச் செய்ததால் மட்டுமே செயல் தோன்றியதா, அல்லது புதிதாக இணைத்த வேதித்தொகுதியே செயலுக்குக் காரணமா என்ற கேள்வியைப் பல ஆய்வுக் கட்டுரைகள் எழுப்புவதே இல்லை. இத்துறையின் பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

செயலற்ற ஒன்று வேதிமாற்றத்தால் செயல் பெற்றது என்பதற்குத் தெளிவான சான்று உண்டா?

உண்டு, அது 1970-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. டோக்கியோவில் உள்ள தேசியப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் கோரோ சிஹாராவும் அவர் குழுவினரும் அதற்கு முந்தைய ஆண்டில் ஷிடாகே காளானிலிருந்து லென்டினான் என்ற குளுக்கானை (குளுக்கோசால் மட்டும் ஆன பாலிசாக்கரைடை)ப் பிரித்து, எலிகளில் சர்கோமா 180 என்ற கட்டியை அது ஒடுக்குவதைக் காட்டியிருந்தார்கள். லென்டினானின் முதுகெலும்பு பீட்டா-1,3 பிணைப்பால் ஆன குளுக்கோஸ் சங்கிலி. ஐந்து குளுக்கோசுக்கு இரண்டு என்ற கணக்கில் அதன்மேல் பீட்டா-1,6 கிளைகள் உள்ளன. கிழக்காசிய மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்படும் போரியா கோகோஸ் என்ற பூஞ்சையின் நிலத்தடிக் கட்டியிலிருந்து கிடைக்கும் பாக்கிமான் என்ற குளுக்கானும் ஏறத்தாழ இதே இனம்தான். ஆனால் அதற்குக் கட்டி எதிர்ப்புச் செயல் எதுவும் இல்லை.

சிஹாரா குழுவினர் பாக்கிமானைப் பெர்அயோடேட்டால் ஆக்சிஜனேற்றி, போரோஹைட்ரைடால் ஒடுக்கி, மென்மையான அமிலத்தால் நீராற்பகுத்தனர். இந்த வரிசை தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. அடுத்தடுத்த கார்பன்களில் ஹைட்ராக்சில் தொகுதி இருக்கும் இடத்தில் மட்டுமே பெர்அயோடேட் சர்க்கரை வளையத்தை வெட்டும். பீட்டா-1,3 முறையில் கோத்த குளுக்கோசில் மூன்றாம் கார்பன் பிணைப்பில் அடைபட்டிருப்பதால் அத்தகைய இணை இல்லை. ஆகவே முதுகெலும்புக்குச் சேதமில்லை. 1,6 முறையில் கோத்த குளுக்கோசில் அந்த இணை திறந்திருப்பதால் கிளைகள் மட்டும் உதிர்ந்துவிடும். இவ்வாறு கிடைத்த பொருளுக்குப் பாக்கிமரான் என்று பெயரிட்டார்கள். அது சர்கோமா 180 கட்டியை வலுவாக ஒடுக்கியது. பின்னர் அதே குழுவினர் அதன்மேல் கார்பாக்சிமெத்தில் தொகுதியை ஏற்றி, நீரில் கரையும் வடிவத்தையும் உருவாக்கினர்.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். பாக்கிமானில் 1,6 கிளையை நீக்கியதும் செயல் தோன்றுகிறது. லென்டினானில் 1,6 கிளைகள் இருக்கும்போதே செயல் இருக்கிறது. எனவே கிளை நல்லது என்றோ கெட்டது என்றோ பொதுவிதி எழுத முடியாது. கிளைகளின் நீளம், அடர்த்தி, அவை சங்கிலியின் சுருள் வடிவத்தை எப்படிப் பாதிக்கின்றன என்பவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

காளானும் பூஞ்சையும் தாவரம் அல்லவே என்று கேட்பவர்கள் சரியாகவே கேட்கிறார்கள். ஆனால் இத்துறையின் அடிப்படைச் சோதனைகள் பூஞ்சைக் குளுக்கான்களில்தான் நடந்தன. தாவரப் பாலிசாக்கரைடுகளுக்கு இன்று பின்பற்றும் வேதிமுறைகள் பலவும் அவற்றிலேயே பழகப்பட்டவை.

சல்பேட் ஏற்றுவது எப்படி நடக்கிறது?

ஆய்வகங்களில் பரவலாக உள்ளது குளோரோசல்போனிக் அமிலமும் பிரிடினும் கொண்ட முறை. பனிக்கட்டியில் குளிர்வித்த பிரிடினில் குளோரோசல்போனிக் அமிலத்தைத் துளித்துளியாக விட வேண்டும். உலர்ந்த பாலிசாக்கரைடை ஃபார்மமைடிலோ டைமெத்தில்ஃபார்மமைடிலோ பரப்பி, அதோடு இந்தக் கலவையைச் சேர்த்துச் சில மணி நேரம் சூடாக்குவார்கள். பின்பு குளிர்வித்து, சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கி, எத்தனாலால் வீழ்படிவாக்கி, சவ்வூடு பிரித்து, உறைநிலையில் உலர்த்துவது வழக்கம். குளோரோசல்போனிக் அமிலம் நீரோடு சேர்ந்தால் வெடித்தாற்போல் வினைபுரியும். ஈரம் தங்கிய கண்ணாடிக் கலனில் இதைத் தொடங்கவே கூடாது. இதைவிடப் பாதுகாப்பானது, ஆயத்தமாகக் கிடைக்கும் சல்பர் டிரைஆக்சைடு–பிரிடின் கூட்டை வாங்கிப் பயன்படுத்துவது.

முடிவில் எவ்வளவு சல்பேட் ஏறியது என்பதைப் பதிலீட்டு அளவு என்ற எண்ணால் குறிக்கிறார்கள். ஒரு சர்க்கரை அலகுக்குச் சராசரியாக எத்தனை ஹைட்ராக்சில் மாற்றப்பட்டது என்பதே அதன் பொருள். குளுக்கோஸ் சங்கிலியில் இது 3-ஐத் தாண்டாது. சைலோஸ் சங்கிலியில் 2-ஐத் தாண்டாது. பேரியம் குளோரைடு–ஜெலட்டின் கலங்கல் முறையால் கந்தகத்தின் சதவீதத்தை அளந்து, அதை 1.62-ஆல் பெருக்கி, 32-இலிருந்து அந்தச் சதவீதத்தின் 1.02 மடங்கைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் குளுக்கோஸ் வகைச் சங்கிலியின் பதிலீட்டு அளவு கிடைக்கும். கந்தகம் 10 சதவீதம் என்றால் ஏறத்தாழ 0.74, 15 சதவீதம் என்றால் ஏறத்தாழ 1.46.

அகச்சிவப்பு நிறமாலையில் 1240 முதல் 1260 செ.மீ⁻¹ வரையிலும் 810 செ.மீ⁻¹ அருகிலும் புதிய பட்டைகள் தோன்றினால் சல்பேட் ஏறியிருக்கிறது என்று அறியலாம். எந்தக் கார்பனில் ஏறியது என்பதை அது சொல்லாது. அதற்குக் கார்பன்-13 அணுக்கரு காந்த ஒத்ததிர்வு வேண்டும். ஆறாம் கார்பனில் உள்ள முதனிலை ஹைட்ராக்சில்தான் முதலில் வினைபுரியும். அது சல்பேட் பெற்றால் நிறமாலையில் ஏறத்தாழ 61 பிபிஎம்-இல் இருந்த குறி 67 பிபிஎம்-க்கு அருகில் நகரும். அகச்சிவப்புப் படத்தை மட்டும் போட்டுவிட்டு அமைப்பை உறுதி செய்தோம் என்று எழுதும் கட்டுரைகளை நான் அரைகுறை வேலையாகவே கருதுகிறேன்.

மற்ற மாற்றங்கள் எவை?

கார்பாக்சிமெத்தில் ஏற்றம் எளிது, மலிவு, தொழிற்சாலை அளவில் பழகியது. ஐசோபுரோப்பனாலில் பரப்பிய பாலிசாக்கரைடைச் சோடியம் ஹைட்ராக்சைடால் காரமாக்கி மோனோகுளோரோஅசிட்டிக் அமிலத்தோடு வினைபுரியச் செய்தால் ஈதர் பிணைப்பு உருவாகிறது. ஐஸ்கிரீமிலும் மாத்திரையிலும் சேரும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோசும் இதே வினையின் விளைவுதான். அசிட்டிக் நீரிலியால் அசிட்டைல் தொகுதியையும், பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடாலோ சோடியம் டிரைமெட்டாபாஸ்பேட்டாலோ பாஸ்பேட் தொகுதியையும் ஏற்றலாம்.

நைட்ரிக் அமிலமும் சோடியம் செலினைட்டும் கொண்டு செலினியம் ஏற்றும் முறை சீன ஆய்வகங்களில் அதிகம் காணப்படுகிறது. இதில் ஓர் எச்சரிக்கை தேவை. வினைபுரியாத செலினைட் உப்பே மிகக் குறைந்த செறிவில் செல்களைக் கொல்லும். சவ்வூடு பிரித்தலை முழுமையாகச் செய்யாமல், கிடைத்த நச்சுத்தன்மையைப் பாலிசாக்கரைடின் கணக்கில் எழுதிக்கொள்வது நடக்கக்கூடியதே.

ஒரே பாலிசாக்கரைடில் பல மாற்றங்களைச் செய்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். ஊகான் பல்கலைக்கழகத்தின் லினா ஷாங் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், போரியா கோகோசின் கரையாத பீட்டா-குளுக்கானிலிருந்து சல்பேட், கார்பாக்சிமெத்தில், மெத்தில், ஹைட்ராக்சிஎத்தில், ஹைட்ராக்சிபுரோப்பில் என ஐந்து வழிப்பொருள்களைத் தயாரித்து ஒப்பிட்டார்கள். சல்பேட் வடிவமும் கார்பாக்சிமெத்தில் வடிவமும் முன்னணியில் நின்றன. இரண்டும் நீரில் நன்கு கரைபவை, எதிர்மின்னூட்டம் உடையவை, ஒப்பீட்டளவில் விறைப்பான சங்கிலி கொண்டவை. ஒரே மூலப்பொருள், ஒரே ஆய்வகம், ஒரே சோதனைகள் என்பதால் இந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு உண்டு. வெவ்வேறு செடிகளிலிருந்து வெவ்வேறு முறையில் பிரித்தவற்றை ஒரே அட்டவணையில் அடுக்கி வரிசைப்படுத்தும் மீளாய்வுகளுக்கு அந்த மதிப்பு இல்லை.

பதிலீட்டு அளவைக் கூட்டினால் செயலும் கூடுமா?

ஓரளவு வரைதான். சல்பேட் ஏற்றும் வினை அமிலத்தன்மை மிக்கது. பதிலீட்டைக் கூட்ட வெப்பத்தையும் நேரத்தையும் கூட்டினால் சங்கிலி உடைந்து சிறிதாகிறது. அடர்த்தியான எதிர்மின்னூட்டம், லென்டினான் போன்ற குளுக்கான்களின் மூன்றிழைச் சுருளைப் பிரித்துவிடும். மேலும், நோயெதிர்ப்பு செல்களின் மேலுள்ள டெக்டின்-1 என்ற ஏற்பி பீட்டா-1,3 குளுக்கானின் முகப்பை அடையாளம் காண்கிறது. அந்த முகப்பின் ஹைட்ராக்சில்களையெல்லாம் சல்பேட்டால் மூடிவிட்டால் ஏற்பி பற்றிக்கொள்ள இடம் இராது.

சல்பேட் ஏற்றிய தாவரப் பாலிசாக்கரைடு எதுவும் மருந்தாக வந்திருக்கிறதா?

பென்டோசான் பாலிசல்பேட் வந்திருக்கிறது. ஆனால் புற்றுநோய்க்கு அன்று. பீச் மரத்தின் சைலானை (சைலோஸ் சங்கிலியை) எடுத்துச் சல்பேட் ஏற்றித் தயாரிக்கும் இந்த மருந்துக்கு, சிறுநீர்ப்பை வலி நோய் ஒன்றுக்காக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1996-இல் ஒப்புதல் அளித்தது. புற்றுநோய் ஆய்வில் இதற்குத் தனிக் கதை உண்டு. கட்டிக்குப் புதிய இரத்தக்குழாய்களை வரவழைக்கும் சில வளர்ச்சிக் காரணிகள், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினைப் போன்ற சல்பேட் சங்கிலிகளோடு பிணைபவை. வெளியிலிருந்து சல்பேட் சங்கிலியைக் கொடுத்தால் அந்தக் காரணிகள் அதில் சிக்கிக்கொள்ளும் என்பது கருதுகோள். 1990-களின் தொடக்கத்தில் ஆய்வகத்திலும் எலிகளிலும் இது நன்றாகவே பலித்தது. எச்.ஐ.வி. தொற்றோடு கபோசி சர்கோமா என்ற புற்று வந்தவர்களுக்கு இரத்தக்குழாய் வழியே செலுத்திப் பார்த்தபோது, எவருக்கும் கட்டி அளவிடத்தக்க முறையில் சுருங்கவில்லை. அளவைக் கூட்டவும் முடியவில்லை. இரத்தம் உறைதல் குறைந்தது, தட்டணுக்கள் குறைந்தன.

சல்பேட் ஏற்றியவுடன் ஹெப்பாரினின் குணமும் கூடவே வருகிறது. எனவே சல்பேட் ஏற்றிய பாலிசாக்கரைடு பற்றிய கட்டுரையில் இரத்த உறைவு நேரச் சோதனை இல்லையென்றால், முக்கியமான கேள்வி கேட்கப்படவில்லை என்றே பொருள். நெடுங்காலப் பயன்பாட்டின் விலை இன்னும் தாமதமாகவும் தெரியவரலாம். பென்டோசானைப் பல ஆண்டுகள் உட்கொண்டவர்களின் விழித்திரையில் நிறமிச் சிதைவு காணப்படுவதை அட்லான்டாவின் எமரி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018-இல்தான் அறிவித்தார்கள். மருந்துக்கு ஒப்புதல் கிடைத்து அப்போது 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாற்றியமைக்கப்பட்ட பெக்டின் என்பது என்ன?

எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பழங்களின் தோலில் உள்ள பெக்டினைத் துண்டாக்கிப் பெறுவது. பெக்டினின் பெரும்பகுதி கேலக்டுரோனிக் அமிலத்தால் ஆன நேரான சங்கிலி. இடையிடையே ராம்னோஸ் கலந்த பகுதிகளிலிருந்து கேலக்டோசும் அராபினோசும் கொண்ட கிளைகள் புறப்படுகின்றன. முதலில் பிஎச் 10 அளவில் காரத்தில் வைக்கும்போது மெத்தில் எஸ்டர்கள் நீங்குகின்றன. எஸ்டர் இருந்த இடங்களில் பீட்டா-நீக்க வினையால் சங்கிலியும் அறுபடுகிறது. அடுத்து பிஎச் 3 அளவில் அமிலத்தில் வைக்கும்போது நடுநிலைச் சர்க்கரைகள், குறிப்பாக அராபினோஸ், உதிர்கின்றன. எஞ்சுவது நீரில் எளிதில் கரையும், கேலக்டோஸ் முனைகள் வெளித்தெரியும் சிறு துண்டுகள். இங்கே புதிதாக எந்தத் தொகுதியும் ஏற்றப்படவில்லை. வெட்டுவது மட்டுமே நடக்கிறது.

டெட்ராய்ட் நகரில் ஆவ்ரஹாம் ராஸும் அவருடன் பணியாற்றியவரும் 1992-இல் இதைச் சோதித்தார்கள். பி16 மெலனோமா செல்களை எலியின் இரத்தத்தில் செலுத்தினால் அவை நுரையீரலில் படிந்து வளரும். செல்களோடு மாற்றிய பெக்டினைச் சேர்த்துச் செலுத்தியபோது நுரையீரல் கட்டிகள் குறைந்தன. மாற்றாத சாதாரணப் பெக்டினைச் சேர்த்தபோது அவை கூடின. ஒரே பொருள், வெட்டுவதற்கு முன் தீங்காகவும் வெட்டிய பின் நன்மையாகவும் நடந்துகொண்டது. இயற்கையானது என்பதால் கெடுதல் செய்யாது என்று வாதிடுபவர்களுக்கு நான் காட்டும் முதல் சான்று இதுதான்.

1995-இல் எலிகளின் குடிநீரில் கலந்து கொடுத்தபோது, புராஸ்டேட் புற்று நுரையீரலுக்குப் பரவுவது குறைந்தது. கட்டுப்பாட்டுக் குழுவில் ஏறத்தாழ எல்லா எலிகளுக்கும் நுரையீரலில் பரவல் இருந்தது. பெக்டின் குடித்த குழுக்களில் பாதியளவுக்குத்தான் இருந்தது. ஆனால் தோலடியில் வைத்த முதன்மைக் கட்டி எப்போதும்போலவே வளர்ந்தது. விளம்பரங்களில் இந்தக் கடைசி வாக்கியம் வருவதில்லை.

அது கேலக்டின்-3-ஐத் தடுப்பதால்தான் செயல்படுகிறதா?

கேலக்டின்-3 என்பது கேலக்டோசைப் பற்றிக்கொள்ளும் புரதம். புற்றுச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும், இரத்தக்குழாய்ச் சுவரில் படியவும் அது உதவுகிறது. கட்டிக்குள் நுழைந்த டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களை மந்தமாக்குவதிலும் அதற்குப் பங்குண்டு. பெக்டின் துண்டின் கேலக்டோஸ் முனை அந்தப் பிடியில் அமர்ந்து அதை அடைத்துவிடுகிறது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பிரசல்சில் உள்ள லுட்விக் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தினர் 2010-இல், ஜிசிஎஸ்-100 என்ற பெக்டின் வழிப்பொருள் மந்தமான டி செல்களின் செயலை மீட்பதைக் காட்டினார்கள்.

ஆனால் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழுவினர் 2016-இல் பெக்டின்களையும், மன்னோசும் கேலக்டோசும் கொண்ட கேலக்டோமன்னான்களையும் நேரடியாக அளந்தபோது, கேலக்டின்களின் வழக்கமான பிணைப்பிடத்தை அவை மிகக் குறைவாகவே தடுத்தன அல்லது தடுக்கவே இல்லை. புரதத்தின் வேறு பகுதியில் அவை பிணையலாம் என்போரும் உள்ளனர். விளக்கம் தீர்ந்துவிட்டது போலப் பாடநூல் நடையில் எழுதுவது தவறு.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தினர் 2007-இல், வெப்பத்தால் துண்டாக்கிய பெக்டின் புராஸ்டேட் புற்றுச் செல்களைத் தற்கொலைக்குத் தூண்டுவதையும், பிஎச் மாற்றி வெட்டிய பெக்டின் அவ்வாறு செய்யாததையும் கண்டார்கள். வெப்ப வகையை மென்மையான காரத்தில் நனைத்ததும் செயல் போய்விட்டது. அதாவது அங்கே செயலுக்குக் காரணம் காரத்தில் அறுபடும் ஒரு பிணைப்பு. மற்ற வகையைத் தயாரிப்பதன் முதல் படியே அதை அழித்துவிடுகிறது. மாற்றியமைக்கப்பட்ட பெக்டின் என்ற ஒரே பெயரில் குறைந்தது இரண்டு வேறு பொருள்கள் உலவுகின்றன. போதாக்குறைக்கு, யூரோனிக் அமிலங்களைச் சூடாக்கும்போது செல்களைக் கொல்லும் சிறு சைக்ளோபென்டினோன் மூலக்கூறு ஒன்றும் உருவாகிறது. வெப்ப வகையின் செயலைப் பேசும்போது அதை விலக்கிக் காட்டியாக வேண்டும்.

மனிதர்களில் நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவையோ கதிர்வீச்சோ முடிந்தபின் பி.எஸ்.ஏ. என்ற இரத்தக் குறியீடு மட்டும் மீண்டும் ஏறும் நோயாளிகளிடமே பெரும்பாலும் சோதிக்கப்பட்டிருக்கிறது. 2003-இல் வெளிவந்த சிறு ஆய்வில் மதிப்பிட முடிந்த 10 பேரில் 7 பேருக்குப் பி.எஸ்.ஏ. இரட்டிப்பாகும் காலம் நீண்டது. அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 14 கிராம் பெக்டின் உட்கொண்டார்கள். இஸ்ரேலில் நடந்து 2021-இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில் ஏறத்தாழ 60 பேர் ஆறு மாதம் உட்கொண்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு நோய் முன்னேறவில்லை, இரட்டிப்புக் காலமும் நீண்டது. வயிற்று உப்புசம் போன்ற லேசான தொல்லைகளைத் தவிர வேறு தீங்கு பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டு ஆய்வுகளிலும் ஒப்பிடுவதற்கு மருந்தில்லாக் குழு கிடையாது. பி.எஸ்.ஏ. ஏறும் வேகம் ஒருவருக்கே காலத்துக்குக் காலம் மாறக்கூடியது. வேறு மருந்துகளுக்கான ஆய்வுகளில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் கணிசமானோருக்கும் இரட்டிப்புக் காலம் நீண்டது பதிவாகியுள்ளது. ஆகவே இந்த முடிவுகள் ஒப்பீட்டு ஆய்வு நடத்துவதற்குப் போதுமான காரணம். சிகிச்சையாகப் பரிந்துரைப்பதற்குப் போதுமான காரணம் அல்ல. பெக்டினால் நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று காட்டிய சான்று எதுவும் இவற்றில் இல்லை.

எலிகளில் கட்டி 70, 80 சதவீதம் ஒடுங்கியதாக எழுதுகிறார்களே, அது பெரிய விஷயம் இல்லையா?

எந்தக் கட்டி, எந்த எலி என்று முதலில் கேட்க வேண்டும். சர்கோமா 180 பல தலைமுறைகளாக ஆய்வகங்களில் கைமாறி வந்த கட்டி. பெரும்பாலும் அதைத் தனக்கு மரபு உறவில்லாத எலியின் உடலில்தான் வைக்கிறார்கள். அந்த எலியின் நோயெதிர்ப்பு மண்டலம் அதை அந்நியப் பொருளாக ஏற்கெனவே பார்க்கிறது. சிறு தூண்டுதல் கொடுத்தாலே விரட்டிவிடும். நோயெதிர்ப்பைத் தூண்டும் எதுவும் இந்தக் கட்டியில் அற்புதமாகத் தெரியும். ஒரு மனிதரின் கட்டியோ அவரது சொந்தச் செல்லிலிருந்து பிறந்தது. ஆகவே அதே மரபு வழியைச் சேர்ந்த எலியில், அதன் சொந்தக் கட்டியில் கிடைக்கும் 30 சதவீதத்தை நான் சர்கோமா 180-இல் கிடைக்கும் 80 சதவீதத்தைவிட மேலாக மதிப்பேன்.

செல் வளர்ப்புத் தட்டில் பெறும் முடிவுகள் இதனினும் மெலிந்தவை. பாதிச் செல்களைத் தடுக்க மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் தேவைப்பட்டது என்று எழுதியிருந்தால், அந்தச் செறிவை மனித இரத்தத்தில் எட்டுவது நடவாத காரியம். அவ்வளவு கெட்டியான, பிசுபிசுப்பான கரைசலில் செல்கள் வளர மறுப்பதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். மேலும், நோயெதிர்ப்பு செல்களைத் தூண்டியே வேலை செய்யும் லென்டினான் போன்றவற்றைப் புற்றுச் செல்கள் மட்டுமே உள்ள தட்டில் சோதிப்பதில் பொருளே இல்லை. ஜப்பான் லென்டினானுக்கு 1985-இல் ஒப்புதல் அளித்தபோதும், இரைப்பைப் புற்றுக்கு வேதிசிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கும் துணை மருந்தாகவே அளித்தது.

எண்டோடாக்சின் பற்றி மேற்பார்வையாளர் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்?

காரணம் பழையது. அமெரிக்காவில் மரே ஷியர் 1943-இல் ஒரு பாக்டீரியாவிலிருந்து பிரித்த பாலிசாக்கரைடு, எலிகளின் கட்டிகளில் இரத்தக் கசிவை உண்டாக்கி அவற்றை அழித்தது. அது இன்று நாம் எண்டோடாக்சின் என்று அழைக்கும் லிப்போபாலிசாக்கரைடுதான். செடியைப் பறித்துக் கழுவி, வெந்நீரில் பிரித்து, எத்தனாலால் வீழ்படிவாக்கும் ஒவ்வொரு படியிலும் பாக்டீரியா நுழைய வாய்ப்புண்டு. அதன் எண்டோடாக்சின் கொதிநீரைத் தாங்கும், எத்தனாலில் பாலிசாக்கரைடோடு சேர்ந்தே வீழ்படியும். நானோகிராம் அளவே மேக்ரோபேஜ்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களைத் தூண்டப் போதுமானது. எண்டோடாக்சினை உணரும் டிஎல்ஆர்-4 என்ற ஏற்பி வழியாகப் பாலிசாக்கரைடு மேக்ரோபேஜைத் தூண்டுகிறது என்ற முடிவு வந்தால், சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் எண்டோடாக்சின்.

இதைக் கண்டறியும் லிமுலஸ் சோதனையிலும் ஒரு பொறி உண்டு. குதிரைலாட நண்டின் இரத்தச் சாற்றில் எண்டோடாக்சினுக்கு ஒரு வழியும், பீட்டா-1,3 குளுக்கானுக்குக் காரணி ஜி என்ற மற்றொரு வழியும் உள்ளன. உங்கள் மாதிரியே பீட்டா-1,3 குளுக்கான் என்றால், எண்டோடாக்சின் இல்லாமலே சோதனை நேர்மறையாகும். குளுக்கான் வழியை அடைக்கும் தாங்கல் கரைசலைச் சேர்த்தோ, காரணி ஜி நீக்கிய சாற்றைக் கொண்டோ சோதிக்க வேண்டும். அந்த அடைப்புக் கரைசலில் கார்பாக்சிமெத்தில் ஏற்றிய கர்ட்லான் என்ற பீட்டா-1,3 குளுக்கானே பயன்படுகிறது. எண்டோடாக்சினைப் பிணைத்து முடக்கும் பாலிமிக்சின்-பி சேர்த்தபின்னும் செயல் நீடிக்கிறதா என்று பார்ப்பது கூடுதல் உறுதி.

இப்போது வேதிசிகிச்சையில் இருப்பவர் பெக்டின் பொடி எடுத்துக்கொள்ளலாமா?

சிகிச்சை தரும் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. கரையும் நார்ப்பொருள் மற்ற மாத்திரைகள் குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடும். வாய்வழிப் புற்றுநோய் மருந்து எடுப்பவருக்கு இது சிறிய விஷயமன்று. சல்பேட் ஏற்றியவற்றை இரத்தம் உறையாமைக்கான மருந்தோடு சேர்ப்பது அபாயம். எலுமிச்சைத் தோலை வீட்டில் வேகவைத்துக் குடித்தால் அதே பலன் கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். கிடைக்காது, அதில் இருப்பது வெட்டப்படாத பெக்டின்.

நம் நாட்டில் எளிதில் கிடைக்கும் மூலப்பொருள்கள் எவை?

கொத்தவரை இனத்தின் விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசின் முதலில் நினைவுக்கு வரும். உலக விளைச்சலின் பெரும்பகுதி இந்தியாவினுடையது, அதிலும் இராஜஸ்தானே முதன்மை. அது மன்னோஸ் முதுகெலும்பில் கேலக்டோஸ் கிளைகள் கொண்ட கேலக்டோமன்னான். அதைத் துண்டாக்கித் தயாரித்த தவனாட் என்ற பொருளை ஓர் அமெரிக்க நிறுவனம் 5-ஃப்ளூரோயுராசில் என்ற வேதிசிகிச்சை மருந்தோடு சேர்த்து முற்றிய புற்றுநோயாளிகளிடம் சோதித்தது. ஒப்புதல் பெற்ற புற்றுநோய் மருந்தாக அது வளரவில்லை. பின்னர் அதே நிறுவனம் ஆப்பிள் பெக்டினிலிருந்து பெற்ற பெலாபெக்டினுக்கு மாறியது. ஓரிகானில் நடந்த முதற்கட்ட ஆய்வில் மெலனோமா, தலை கழுத்துப் புற்று நோயாளிகளுக்குப் பெம்பிரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தோடு அதைச் சேர்த்துக் கொடுத்தார்கள். தனியாகக் கட்டியைக் கொல்வதைவிட, கேலக்டின்-3 போட்ட தடையை விலக்கி மற்றொரு மருந்துக்கு வழிவிடுவது பாலிசாக்கரைடுக்குப் பொருத்தமான வேலை என்று எனக்கும் தோன்றுகிறது.

புளியங்கொட்டையின் சைலோகுளுக்கான் இன்னொன்று. அதன் கார்பாக்சிமெத்தில் வடிவம் துணிகளில் அச்சிடும் தொழிலில் ஏற்கெனவே புழங்குகிறது. பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதியால் அதன் கேலக்டோஸ் கிளைகளில் ஒரு பகுதியை நீக்கினால், குளிரில் கரைசலாகவும் உடல் வெப்பத்தில் கூழாகவும் மாறும் பொருள் கிடைக்கிறது. புற்றுநோய் மருந்தை ஓரிடத்தில் நிறுத்தி மெதுவாக வெளிவிடும் ஊடகமாக அதை ஆராயலாம். மாணவர் ஒருவர் புதிதாகத் தொடங்குவதானால், அமைப்பு தெளிவாகத் தெரிந்த இப்படியொரு பொருளை எடுத்து, மூலக்கூறு எடை, பதிலீட்டு அளவு, பதிலீட்டு இடம், எண்டோடாக்சின் அளவு, உறைவு நேரம் ஆகியவற்றை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்து, மாற்றாத மாதிரியையும் வினைபொருள் சேர்க்காமல் அதே சூட்டிலும் அமிலத்திலும் வைத்த மாதிரியையும் உடன் வைத்துச் சோதிப்பதையே நான் பரிந்துரைப்பேன். வினைபொருள் சேர்க்காமல் சூடாக்கிய இந்த மாதிரியைப் பலர் தவிர்க்கிறார்கள். ஏறிய தொகுதியால் வந்த மாற்றத்தையும் சங்கிலி உடைந்ததால் வந்த மாற்றத்தையும் பிரித்துக் காட்ட அது இல்லாமல் முடியாது.